வெளிச்சத்தைச் செலவில் எழுதலாமா?

காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அணுக்கரு இணைவு உலையில் கழிவு வெப்பமும் சாம்பலும் (இணைவில் மிஞ்சும் ஹீலியம்) வெளியேறும் பகுதிக்கு டைவர்ட்டர் என்று பெயர். அங்கே உள்ள பிளாஸ்மாவை, அதாவது அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிந்து கிடக்கும் சூடான வாயுவை, கணிக்கும்போது ஒளியின் போக்கைத் தனியாகக் கணிக்க வேண்டுமா? ஒளிதான் பிறந்த கணத்திலேயே வெளியே போய்விடுகிறதே, இவ்வளவு ஆற்றல் ஒளியாகப் போனது என்று ஒரு எண்ணைக் கழித்துவிட்டால் போதாதா? கூடவே இன்னொன்று: இதை வைத்து லேப்டாப்பில் ஒரு புராஜெக்ட் செய்ய முடியுமா?

பல பிளாஸ்மாக்களுக்கு அந்த ஒரு எண் போதும், தம்பி. டைவர்ட்டருக்குப் போதாது. ஏன் என்பதைச் சொல்ல எங்கள் ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். தேவகோட்டையில் பேரேடு எழுதியே கண்ணாடி போட்டுக்கொண்டவர். பெட்டியை விட்டுப் பணம் போனதும் செலவுப் பக்கத்தில் எழுதுகிறவனுக்கு ஐந்தொகை ஒரு நாளும் ஒத்துவராது என்பார். பெட்டியை விட்டுப் போன பணம் வீட்டை விட்டும் போயிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதே வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றம்) இன்னொரு புள்ளியின், அதாவது இன்னொரு குடும்பத்தின், கையில் இருக்கலாம், சாயங்காலம் திரும்பி வரலாம். டைவர்ட்டரில் ஹைட்ரஜன் அணு விடும் ஒளித்துகளான போட்டானும் அப்படித்தான். பெட்டியை விட்டுப் போகிறது, வீட்டை விட்டுப் போவதில்லை.

முதலில் எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். தெற்கு பிரான்சில் கதராஷ் அருகே கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலை 500 மெகாவாட் இணைவுத் திறன் தர வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. (இந்தியாவும் அதில் பங்காளி. உலையைச் சுற்றி நிற்கும் ராட்சத கிரையோஸ்டாட் என்ற குளிர்காப்புக் கலத்தின் பாகங்கள் குஜராத் ஹஜிராவில் தயாரானவை.) ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்கள் எடுத்துக்கொண்டு போய்விடும். மீதி 100 மெகாவாட் ஆல்ஃபா துகள்கள் வழியாகப் பிளாஸ்மாவுக்குள்ளேயே இறங்கும். வெளியிலிருந்து சூடேற்ற ஒரு 50. ஆக 150 மெகாவாட் எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். காந்தப்புலக் கோடுகள் இதில் பெரும்பகுதியை அழகாக வழிநடத்தி, கீழே டைவர்ட்டர் தகட்டில் வளையம் போன்ற ஒரு ஒல்லியான பட்டையில் கொண்டுபோய்க் கொட்டும். பட்டையின் அகலம் மில்லிமீட்டர் கணக்குத்தான்.

தகடு டங்ஸ்டன். 3,422 டிகிரியில் உருகும் உலோகம், பின்னால் தண்ணீர் ஓடுகிறது. அப்படியும் தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் அளவுதான். எண்ணாகக் கேட்டால் உறைக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவாட் என்று மாற்றிப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் கொட்டி, நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருப்பது. எதுவும் செய்யாமல் விட்டால் ஈட்டரில் வருவது இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஆகவே தகட்டைத் தொடும் முன்பே ஆற்றலை ஒளியாக்கி நாலா பக்கமும் இறைத்துவிட வேண்டும். அதற்காக நியானோ நைட்ரஜனோ கொஞ்சம் ஊதுவார்கள். உலையின் நடுவில் 15 கோடி டிகிரியில் இருக்கும் அதே பிளாஸ்மா, தகட்டுக்குப் பக்கத்தில் ஓரிரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் 11,600 டிகிரி. எங்களுக்கு அது பச்சைத் தண்ணீர் மாதிரி. வெப்பத்தைக் குறைத்தால் மட்டும் வேலை முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்த அயனியானாலும், தகட்டில் வந்து எலக்ட்ரானோடு சேரும்போது 13.6 எலக்ட்ரான் வோல்ட்டைத் தகட்டில் வைத்துவிட்டுத்தான் போகும். எனவே அயனிகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். அவை வழியிலேயே எலக்ட்ரானோடு சேர்ந்து நடுநிலை அணுவாகிவிட வேண்டும். இப்படிப் பிளாஸ்மா தகட்டை விட்டு விலகி நிற்கும் நிலையைத்தான் எல்லா வடிவமைப்பாளர்களும் குறிவைக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. குளிர்ந்து, அடர்ந்து, நடுநிலை அணுக்கள் நிறைந்த அந்த மூலை, லைமன் ஆல்ஃபா ஒளிக்குச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது.

ஹைட்ரஜன் அணு இரண்டாம் ஆற்றல் மட்டத்திலிருந்து அடிமட்டத்துக்கு விழும்போது 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு போட்டானை விடும். இதுதான் லைமன் ஆல்ஃபா. இதற்கு ஆகும் நேரம் சராசரியாக 1.6 நானோவினாடி. அடிமட்டத்தில் இருக்கும் இன்னொரு ஹைட்ரஜன் அணு இதே போட்டானை அப்படியே விழுங்கக்கூடியது. விழுங்கும் பரப்பை, அதாவது போட்டானுக்கு ஒரு அணு எவ்வளவு பெரிய இலக்கு என்பதை, நீங்களே கணக்குப் போடலாம். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்), 1 எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலை, டாப்ளர் விரிவு (அணுக்களின் ஓட்டத்தால் கோடு அகலமாவது) மட்டும் என்று எடுத்துக்கொண்டால் நிறமாலைக் கோட்டின் நடுவில் சுமார் 7.7 × 10⁻¹⁸ சதுர மீட்டர் வரும். கன மீட்டருக்கு 10²⁰ நடுநிலை அணுக்கள் இருந்தால் போட்டான் சராசரியாக 1.3 மில்லிமீட்டர்தான் போகும், அதற்குள் இன்னொரு அணுவின் வாயில் விழுந்துவிடும். டைவர்ட்டரின் அந்த மூலையோ பத்து சென்டிமீட்டர் கணக்கில் பெரியது.

நியான், நைட்ரஜன் அயனிகள் விடும் ஒளிக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவை எண்ணிக்கையில் கொஞ்சம். தம் ஒளியைத் தாமே பிடிக்கும் அளவுக்குக் கூட்டம் கிடையாது. அவற்றுக்கு நீங்கள் சொல்லும் கழித்தல் முறையே போதும். பிரச்சினை ஹைட்ரஜனின் லைமன் வரிசைக்கு, அதாவது அடிமட்டத்துக்கு விழும்போது வரும் கோடுகளுக்குத்தான்.

சரி, போட்டான் மாட்டிக்கொண்டால் என்ன கெட்டுப்போகிறது? எப்படியும் பிறகு வெளியே வரத்தானே போகிறது? பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போட்டானை விழுங்கிய அணு மறுபடி இரண்டாம் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடிமட்டத்திலிருந்து அதை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டாம் மட்டத்திலிருந்து 3.4 போதும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலையில் 13.6 உள்ள எலக்ட்ரானைத் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்பு, 3.4 உள்ளது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. போட்டான் சுற்றிச் சுற்றி வரும் அந்த நேரத்தில் ஒரு எலக்ட்ரான் வந்து இடித்தால் அணு உடைந்து அயனியாகிவிடும். செலவு என்று எழுதி மூடிய பணம் உள்ளேயே ஒரு வேலையை முடித்துவிட்டது. ஒளி தங்குதடையின்றிப் போகும் பிளாஸ்மாவில் ஒரு அயனியை உண்டாக்க, வழியில் ஒளியாக வீணாவதையும் சேர்த்தால், 13.6-ஐப் போல இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் பிடிக்கும். ஒளி சிக்கிக்கொண்டால் அந்த விலை இறங்கிக்கொண்டே வரும். அதே காசுக்கு அதிக அயனிகள்.

மறுபக்கமும் இருக்கிறது. சேர்ந்து அணுவாகும் எலக்ட்ரான் மேல் மட்டங்களில் நுழைந்து, படிப்படியாக இறங்கி, இரண்டாம் மட்டத்துக்கு வந்து, லைமன் ஆல்ஃபாவை விட்டுவிட்டுத்தான் அடிமட்டத்தில் அமரும். அந்தக் கடைசிப் படி அடைபட்டிருந்தால் பலதும் இரண்டாம் மட்டத்திலேயே மறுபடி உடைந்துபோகும். தகட்டைக் காப்பாற்றும் என்று நாம் நம்பியிருந்த சேர்க்கை மெதுவாகிறது. அயனியாக்கம் கூடுகிறது, சேர்க்கை குறைகிறது, அடர்த்தி ஏறுகிறது, அடர்த்தி ஏறினால் வெப்பநிலை இறங்குகிறது, வெப்பநிலை இறங்கினால் சேர்க்கை மறுபடி கூடுகிறது. கடைசியில் எது ஜெயிக்கும் என்பதை யோசித்துச் சொல்லிவிட முடியாது. யாராவது ஒரே வரியில் சொன்னால் நான் நம்ப மாட்டேன். கணித்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது போட்டான் எப்படித் தப்பிக்கிறது என்று பார்ப்போம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பத்து சென்டிமீட்டர் தடிமனான ஒரு படலம், நாம் சொன்ன அதே அடர்த்தி. படலத்தின் தடிமன் கோட்டின் நடுவில் சுமார் 77 சராசரிப் பாய்ச்சல். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி நடப்பவன் மாதிரி போட்டான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,500 தாவல் போல ஆகும். உண்மையில் நூறு சொச்சத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. எப்படி?

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் போயிருப்பீர்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கல்யாண நாளில் வளவு வழியாகப் பின்கட்டுக்குப் போக முயன்று பாருங்கள். பங்காளிகள், தாய்பிள்ளைகள், "வாங்க அண்ணே, எப்ப வந்தீக" என்று நாலடிக்கு ஒருவர் கையைப் பிடித்து நிறுத்துவார்கள். அரை மணியில் பத்தடி நகர்ந்திருப்பீர்கள். ஆனால் அந்த வீடுகளில் வாசல்கள் நேர்க்கோட்டில் இருக்கும். ஒவ்வொருவரும் உங்களைத் திருப்பித் திருப்பி விடும்போது, ஏதோ ஒரு முறை ஆளில்லாத அந்த நேர்க்கோட்டில் போய் நிற்பீர்கள். நின்ற மறுகணம், முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நடை.

போட்டானுக்கு அந்த நேர்க்கோடு, நிறமாலைக் கோட்டின் ஓரம். விழுங்கிய அணு அதே அலைநீளத்தில் திருப்பித் தருவதில்லை. தான் ஓடும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றித் தருகிறது. பெரும்பாலும் மறுபடி நடுவில்தான் விழும். எப்போதாவது ஓரத்தில் விழும். ஓரத்தில் விழுங்க ஆளில்லை, போட்டான் ஒரே தாவலில் சுவரில் போய் முட்டும். நடந்து வெளியேறுவதில்லை, தாவி வெளியேறுகிறது. 1947-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹோல்ஸ்டைன் இதைக் கணக்காக எழுதினார், அதே ஆண்டு ரஷ்யாவில் பிபெர்மனும். அப்போது கையில் இருந்த உதாரணம் பாதரச ஆவி. உங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குள் பாதரசம் விடும் 254 நானோமீட்டர் ஒளி, கண்ணாடிச் சுவரிலுள்ள வெள்ளைப் பூச்சை அடைவதற்கு முன் இதே பாடு படுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? உயர் அழுத்த சோடியம் விளக்கு, அந்த ஆரஞ்சு மஞ்சள் தெருவிளக்கு, எங்காவது மிச்சம் இருந்தால் போதும். எங்கள் தெருவில் எல்இடி மாற்ற வந்தபோது மூலையில் ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். அட்டைப் பெட்டியில் பிளேடால் ஒரு மெல்லிய பிளவு, மறுமுனையில் டிவிடி தட்டின் துண்டு ஒன்று. இப்படிச் செய்த நிறமாலைமானியை அதற்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் எங்கே பளீரென்று இருக்க வேண்டுமோ அங்கே ஒரு கறுப்புப் பட்டை. அதன் இரு பக்கமும் மஞ்சளும் ஆரஞ்சும் பிதுங்கி நிற்கின்றன. குழாயின் நடுவில் பிறந்த ஒளியைச் சுவரோரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் விழுங்கிவிட்டது. தெருவில் விழுவது ஓரத்தால் தப்பித்த வெளிச்சம். பக்கத்து வீட்டு ஆச்சி, "என்னப்பா, லைட்டுக்குச் சாதகம் பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது கணிப்பு முறைகள். மிக எளியது தப்பும் காரணி. "லைமன் ஆல்ஃபா விடப்படும் வீதத்தை இத்தனையில் ஒரு பங்காக்கு" என்று ஒரே எண்ணால் பெருக்குவது. அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த எண் இடத்துக்கு இடம் மாறும். தகட்டை ஒட்டி ஒன்று, பத்து சென்டிமீட்டர் மேலே வேறொன்று. அடர்ந்த இடத்தில் பிறந்த ஒளி பக்கத்து இடத்தில் போய் அணுக்களைத் தூண்டுவதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. எங்கே பிறந்தது, எங்கே விழுங்கப்பட்டது என்ற முகவரியே அதில் இல்லை.

அடுத்தது மாண்டி கார்லோ, சமவாய்ப்பு எண்களை வைத்துத் துகள்களை எறிந்து பார்க்கும் முறை. டைவர்ட்டர் கணிப்பில் பிளாஸ்மாவைப் பாய்மமாகவும், நடுநிலை அணுக்களை ஒவ்வொன்றாக எறிந்து பார்க்கும் துகள்களாகவும் பிரித்துக் கையாள்வது வழக்கம். ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் டெட்லெவ் ரைட்டர் உருவாக்கிய ஐரீன் நிரல் இரண்டாவது வேலையைச் செய்கிறது. ஈட்டருக்காகப் பயன்படும் சோல்ப்ஸ் தொகுப்பில் அதுதான் நடுநிலை அணுக்களுக்குப் பொறுப்பு. போட்டானுக்கும் மின்னேற்றம் கிடையாது, காந்தப்புலம் அதை வளைக்காது, அடுத்த மோதல் வரை நேர்க்கோட்டில் போகும். அப்படியானால் அதுவும் ஒரு வகை நடுநிலைத் துகள்தானே என்று ஐரீனிலேயே போட்டானையும் சேர்த்துவிட்டார்கள். எவ்வளவு சாதாரண யோசனை! எனக்கு இன்றும் பொறாமைதான். அந்தப் பகுதியை உயர் அழுத்த விளக்குகளிலும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தெருவிளக்கும் உலையும் ஒரே சமன்பாட்டில்.

மூன்றாவது வழி வான் இயற்பியலிலிருந்து வந்தது. விண்மீன்களின் வளிமண்டலத்தில் இதே பிரச்சினை நூறு ஆண்டுப் பழசு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன சந்திரசேகர் 1940-களில் தோண்டித் துருவியது, ஒளி பொருளினூடே போவதைச் சொல்லும் இந்தக் கடத்தல் சமன்பாட்டைத்தான். அங்கே புழங்கும் விரைவுபடுத்திய திரும்பச்செய் முறைகள் இங்கேயும் பயன்படுகின்றன. விரைவுபடுத்தாமல் செய்தால் என்ன ஆகும்? எத்தனை அணு தூண்டப்பட்டிருக்கிறது என்பது ஒளியைப் பொறுத்தது, ஒளி எவ்வளவு என்பது தூண்டப்பட்ட அணுக்களைப் பொறுத்தது. ஒன்றை ஊகித்து இன்னொன்றைக் கண்டுபிடித்து மாற்றி மாற்றிப் போனால், விடை ஒவ்வொரு சுற்றுக்கும் நூலளவு நகரும். நகர்வது நின்றுவிட்டதால் விடை வந்துவிட்டது என்று நினைப்போம். வந்திருக்காது, அலுத்துப்போய் நின்றிருக்கும்.

கோட்டின் வடிவத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். 1 எலக்ட்ரான் வோல்ட்டில் டியூட்டீரியத்தின் டாப்ளர் அகலம் சுமார் 4 பிக்கோமீட்டர். 5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஜீமன் விளைவு கோட்டைப் பிரித்துத் தள்ளும் தூரம் ஏறத்தாழ 3.5 பிக்கோமீட்டர். இரண்டும் ஒரே அளவு! விண்மீன் கணக்கிலிருந்து நிரலை அப்படியே தூக்கி வந்தால் இது விடுபட்டுப் போகும், ஒளி இருப்பதைவிட அதிகமாகச் சிக்கியதாகக் காட்டும். டியூட்டீரியம், இன்னும் கனமான ஹைட்ரஜனான டிரிட்டியம் இரண்டின் கோடுகளும் 11 பிக்கோமீட்டர் தள்ளி நிற்கின்றன, ஒன்றின் ஓரம் மற்றதன் ஓரத்தை உரசும் தூரத்தில். அடர்த்தி மிகுந்தால் ஸ்டார்க் விரிவும் (சுற்றியுள்ள மின்னேற்றங்களின் புலத்தால் வருவது) ஓரங்களைத் தடிக்கச் செய்யும். தப்பிப்பதே ஓரம் வழியாக என்பதால் அதை லேசாக விட முடியாது.

இதெல்லாம் காகிதக் கணக்கா, யாராவது பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். எம்ஐடியில் இருந்த அல்கேட்டர் சி-மாட் என்ற டோக்கமாக் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் வளையக் கருவி) உருவத்தில் சிறியது, அடர்த்தியில் பெரியது. 2016-இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த அளவீடு எளிமையான தந்திரம். மூன்றாம் மட்டத்தின் ஒரு பிரிவிலிருக்கும் அணு 100-க்கு 88 முறை லைமன் பீட்டாவை விட்டு நேரே அடிமட்டத்துக்குப் போகும், 12 முறை சிவப்பு பால்மர் ஆல்ஃபாவை விட்டு இரண்டாம் மட்டத்துக்குப் போகும். இரண்டு ஒளிக்கும் மேல் மட்டம் பொது, ஆகவே ஒளி தடையின்றிப் போனால் அவற்றின் விகிதம் இன்னதுதான் என்று சொல்லிவிடலாம். லைமன் பீட்டா அதைவிடக் குறைந்து வந்தால் வழியில் யாரோ விழுங்கியிருக்கிறார்கள். சி-மாட்டின் டைவர்ட்டரில் குறைந்துதான் வந்தது. சிக்கிய லைமன் பீட்டா சில முயற்சிகளுக்குப் பிறகு சிவப்பாக மாறி வெளியேறுவதால், கேமராவில் சிவப்பை மட்டும் எண்ணி அயனியாக்கத்தைக் கணிப்பவர்கள் ஏமாறவும் இடம் உண்டு.

அப்புறம் புராஜெக்ட். முழு டைவர்ட்டர் கணிப்புப் பக்கம் போகாதீர்கள். ஒரு நிலைமைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓடும். ஒரு பரிமாணப் படலம் ஒன்றை எடுங்கள். சீரான அடர்த்தி, சீரான வெப்பநிலை, டாப்ளர் கோடு மட்டும். போட்டான்களை ஒவ்வொன்றாக விடுங்கள்: அலைநீளம், திசை, பாயும் தூரம் மூன்றையும் சமவாய்ப்பு எண்ணால் தேர்ந்து, வெளியே போகும் வரை எத்தனை தாவல் என்று எண்ணுங்கள். பைத்தானில் எண்பது வரி கூட வராது. ஒரு லட்சம் போட்டான் சாதாரண லேப்டாப்பில் ஓடிவிடும். இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு போட்டான் வேண்டும் என்பதால், தேவைக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

அதற்கு மேல் போய் அயனியாக்கத்தைச் சேர்க்கும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். வடக்கே வேலை பார்த்த காலம், இந்தத் துறையில் என் முதல் ஆண்டு. ஆற்றல் இழப்புக்கு ஆயத்த அட்டவணை ஒன்றை எடுத்துப் போட்டேன், மேலே என் போட்டான் கடத்தலையும் சேர்த்தேன். பிளாஸ்மா ஒவ்வொரு முறையும் அணைந்தேபோனது. மூன்று வாரம் கோட்டு வடிவத்தைச் சந்தேகித்தேன், சமவாய்ப்பு எண்களைச் சந்தேகித்தேன். அட்டவணையிலேயே லைமன் ஆல்ஃபா இழப்பு கழிக்கப்பட்டிருந்தது. நான் அதையே இரண்டாம் முறை கழித்துக்கொண்டிருந்தேன். ஐயா உயிரோடு இருந்திருந்தால் பேரேட்டால் தலையில் தட்டியிருப்பார். எந்த அட்டவணையை எடுத்தாலும் அதில் எந்தக் கோடுகள் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

தொடக்கத்துக்கு 77 என்ற தடிமனையே வையுங்கள். போட்டான்கள் படலம் முழுக்கச் சமமாகப் பிறக்கட்டும். சராசரித் தாவல் 100-க்கும் 150-க்கும் இடையில் வந்தால் நிரல் சரி, அடுத்து ஜீமன் பிளவைச் சேர்க்கலாம். ஆயிரத்தைத் தாண்டிப் போனால் அணு திருப்பித் தரும்போது அலைநீளத்தை மாற்ற மறந்து நடுக்கோட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். அந்த வரியைத் தேடுங்கள்.